இஞ்சினுக்கு வைத்த பொட்டு

எங்கள் லாரி மேட்டில் ஏற மாட்டேன் என்று நின்ற கதையை யாராவது எடுத்தால் இப்போது வீட்டில் முதலில் சிரிப்பது நான்தான். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வயிறெல்லாம் எரிச்சல்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவள் என் மகனுடைய மகள். அதாவது என் மருமகளுடைய மகளும்தான். அதனால் அவள் அம்மாவைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. "எழுது கண்ணு, கடைசியில திட்டு எனக்குத்தான் உழுகப்போகுது" என்று சொன்ன பிறகுதான் ஓடுகிறது.

அந்த வருஷம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டுக் காட்டில் நான் சொன்னபடிதான் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டது. களை எடுத்ததும் நான், பன்றி வராமல் தகரம் தட்டியதும் நான். மகன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான்.

"உன்ற கெழங்கு லோடு போற அன்னிக்கு நீ முன்னால ஏறிக்கம்மா. ஜவ்வரிசி ஆலை வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்."

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். கிளீனர் கிடைக்காத நாளெல்லாம் நான்தான் கிளீனர். மலை வளைவில் வண்டி பின்வாங்கினால் இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சத்தத்தைக் கேட்டே எந்த கியரில் போகிறது, எங்கே திணறுகிறது என்று சொல்லிவிடுவேன். அவர் போன பிறகு மகன் ஓட்ட வந்தான். நான் அதே இடத்தில் உட்கார்ந்தேன். பிறகு மகனுக்குக் கல்யாணம் ஆனது. அடுப்படியை மருமகளிடம் கொடுத்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. புகை விட்டது என்றிருந்தது. முன்சீட்டு போனதுதான் உறுத்தியது. யாரும் கேட்டு வாங்கவில்லை. ஒரு நாள் சந்தைக்குக் கிளம்பும்போது நான் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அவள் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான். கேபினில் டிரைவரைத் தவிர இரண்டு பேர் உட்காரலாம். ஆனால் இன்னொரு இடத்தில் எப்போதும் குழந்தை இருக்கும், இல்லாவிட்டால் சந்தைப் பை இருக்கும். பையை மடியில் வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றாது.

ஆகவே அந்தக் கிழங்கு லோடுக்காக நான் பத்து மாதம் காத்திருந்தேன்.

முதல் நாள் கிழங்கைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கிய கிழங்கு பொறுக்காது. மறுநாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கருநீலமாகக் கோடு விழுந்துவிடும். விடியற்காலையிலேயே லோடு ஏற்றினோம். நான் குளித்து, ஊதாப் புடவை கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். காட்டிலிருந்து தார் ரோட்டுக்கு ஒரு மேடு இருக்கிறது. அந்த மேட்டில் பாதியில் லாரி நின்றது. மகன் மிதிக்கிறான், இஞ்சின் ஒரு அளவுக்கு மேல் உறுமவே இல்லை. காய்ச்சல்காரன் இருமுவது மாதிரி ஒரு சத்தம். அவன் பையப் பைய வண்டியைக் கீழே பின்னுக்கு விட்டான்.

எனக்கு உள்ளுக்குள் குஷி. எல்லோரும் என்னைத்தானே பார்ப்பார்கள்!

"டீசல் அடைக்குது சாமி. பில்டரை மாத்து."

"நெசமாவாம்மா?"

"நா உங்கப்பங்கூட எத்தன வருசம் இந்தச் சத்தத்தக் கேட்டிருப்பேன்?"

வீட்டில் புது பில்டர் ஒன்று இருந்தது. மாற்றினான். காற்றையெல்லாம் பம்ப் அடித்து வெளியேற்றினான். மறுபடி மேட்டில் ஏற்றினான். அதே இடம், அதே இருமல். இதில் இரண்டு மணி நேரம் போய்விட்டது. மகன் கையைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"என்ற தங்கச்சிய வரச் சொல்லட்டுங்களா?" என்றாள் மருமகள்.

அவள் தங்கை மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில் இருப்பவள். ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு லாரிப் பட்டறையில் வேலை செய்கிறாள். நான் அவளைக் கல்யாணத்தில் பாவாடை தடுக்கி விழும் பிள்ளையாகப் பார்த்தது.

"பொம்பளப் புள்ள வந்து லாரிய என்ன பண்ணும்?" என்று கேட்டேன். சக்கரத்துக்குக் கட்டை போட்டவள் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கேட்டேன்.

பஸ்ஸில் வந்து இறங்கினாள். சுடிதார் மேலே காக்கிச் சட்டை, தோளில் ஒரு கறுப்புப் பை. "நல்லாருக்கீங்களாத்தை?" என்று கேட்டுவிட்டு நேராக லாரிக்குப் போனாள். உடனே ஸ்பானரை எடுப்பாள் என்று பார்த்தால், நின்று கேள்வி கேட்டாள்.

"மாமா, லோடு இருந்தா மட்டுந்தான் இப்படியா, காலியாவும் இப்படித்தானா?"

"காலியா சுமாரா போகும் கண்ணு. லோடு வெச்சாத்தான் மூச்சுப் புடிக்குது."

"பொகை?"

"பொகையே இல்ல."

"இந்த மஞ்ச லைட்டு எத்தன நாளா எரியுது?"

"அது... பொங்கல் கழிச்சு வந்துச்சு. வண்டி ஓடுனதால உட்டுட்டேன்."

கண்ணு! கொழுந்தியாளுக்குக் கண்ணு! என்னிடம் இப்படி வரிசையாகப் பதில் சொல்லி அவன் எத்தனை வருஷம் ஆகிறது! நான் "சாப்பிட்டியா" என்று கேட்டால் "ம்" என்பான்.

இதற்குள் மருமகள் வந்து காதோடு கேட்டாள். "அத்தை, தங்கச்சிக்குச் செவலைக் கோழியப் புடிச்சுடட்டுங்களா?"

செவலைக் கோழி முட்டையிடும் கோழி. என் கோழி. என் கைக்கு மட்டும் வரும். ஒறம்பரை என்று விருந்தாளி வந்திருக்கும்போது எப்படி வேண்டாம் என்பது? "புடிச்சுக்க" என்றேன். அது கத்தியது என் மனசு கத்தியது மாதிரியே இருந்தது.

அந்தப் பிள்ளை ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி, கைக்கு அடக்கமான ஒரு பெட்டியைப் பார்த்தாள். அதில் எழுத்து ஓடியது. நான் முப்பது வருஷம் காது கொடுத்துக் கேட்டதை இவள் காதையே கொடுக்காமல் படித்துவிடுவாள் போலிருந்தது. எழுத்துத் தெரியாதது எனக்கு அதுவரை பெரிய குறையாகத் தெரிந்ததில்லை. பஸ்ஸுக்குக்கூட நிறத்தைப் பார்த்து ஏறிவிடுவேன். அன்றைக்கு அந்தப் பெட்டியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"பூஸ்ட் சென்சாருங்க மாமா. டர்போ தள்ளுற காத்து எவ்வளவுன்னு இஞ்சினுக்குச் சொல்றது அதுதான். அது தப்பாச் சொன்னா, இஞ்சின் பயந்துக்கிட்டு டீசலக் கொறச்சுக்கும்."

"அப்ப மாத்திட்டா சரியாயிரும்?" என்றான் மகன்.

"பொறுங்க. பொட்டி சொல்லுதுன்னு உடனே மாத்தக் கூடாது. ஒயரு போயிருந்தாலும் இதையேதான் காட்டும்."

இஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் போடச் சொன்னாள். "இப்ப இஞ்சின் ஓடல. வெளிக்காத்து எவ்வளவோ அவ்வளவுதான் காட்டணும். நம்ம மலையில காத்து லேசு, கீழ இருக்கறதவிடக் கம்மியாக் காட்டணும். இது பாருங்க, டர்போ முழு வேகத்துல சுத்துற மாதிரிக் காட்டுது. நிக்கிற வண்டி!"

பிறகு கேபினைத் தூக்கிச் சாய்த்து உள்ளே கையை விட்டு அந்த சென்சாரின் பிளக்கைக் கழற்றினாள். பெட்டியில் எண் மாறியது. "கழட்டுனா மாறுது. ஒயரு நல்லாருக்கு. கோளாறு இவருகிட்டத்தான்" என்று சொல்லிக்கொண்டே டார்ச் அடித்துக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங், இதுக்குப் பொட்டு வெச்சது யாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பொங்கல் விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்களிடம் இப்போது மாடு இல்லை. மாட்டுப் பொங்கலுக்கு லாரியைத்தான் குளிப்பாட்டி, மாலை போட்டு, கற்பூரம் காட்டுகிறோம். சோறு ஊட்ட முடியாதே தவிர மற்றதெல்லாம் உண்டு. அந்தப் பொங்கலன்று மருமகள் முன்கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பம்பரில் கோலம் மாதிரி மாவில் இழை இழுத்திருந்தாள். மகன் பார்த்து "சூப்பரு" என்றான். நான் கட்டிய வேப்பிலைக் கொத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஆயில் பார்ப்பதற்காக அவன் கேபினைத் தூக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனான். கண்ணாடிக்குப் பொட்டு வைத்தால் போதுமா, மாட்டுக்கு நெற்றியில் வைக்க வேண்டாமா என்று நான் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை இஞ்சின் தலையில் ஊற்றினேன். கன்றுக்குட்டி மூக்கு மாதிரி கறுப்பாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. அதற்கு மஞ்சளும் குங்குமமும் குழைத்துக் கட்டை விரலால் நன்றாக அழுத்தி ஒரு பொட்டு.

யாரும் பார்க்கவில்லை.

"பிளக்கோட ரப்பரு பழசாகி விரிஞ்சு கெடக்கு. அதுல மஞ்சத்தண்ணி எறங்கிக் கம்பியெல்லாம் பச்சை பூத்துருச்சு" என்றாள் அந்தப் பிள்ளை. சுரண்டிப் பார்த்தாள். சென்சாருக்குள் ஒரு கம்பி ஒடிந்து அவள் கையோடு வந்துவிட்டது.

மகன் திரும்பி மருமகளைப் பார்த்தான். "உனக்கு அறிவிருக்கா புள்ள? கோலம் போடறேன் பொட்டு வெக்கறேன்னு இஞ்சினுக்குள்ளயா கைய உடுவ?"

"நா கண்ணாடிக்குத்தானுங்க வெச்சேன். அதத் தொடவே இல்லீங்க."

"பின்ன வண்டியே வெச்சுக்குச்சா?"

நான் வாயைத் திறக்கவில்லை. பேத்தியின் பேனா இங்கே நின்றுவிட்டது, ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: எனக்கு இனித்தது. அவன் அவளைத் திட்டி நான் கேட்டதே இல்லை. வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்ட மாதிரி நின்றேன்.

அந்தப் பிள்ளை கீழே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் பண்ணி, சென்சாரின் மேலிருந்த எண்ணைச் சொன்னாள். கடைக்காரர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார். இங்கே மருந்து, செருப்பு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்படித்தான் மேலே வரும். மத்தியான பஸ்ஸில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா வந்தது. அதற்குள் செவலைக் கோழி குழம்பாகிவிட்டது. இரண்டு தொடையும் அவள் இலைக்குப் போயின. எனக்குக் கழுத்து.

பழையதை ஒரே ஒரு போல்ட்டில் கழற்றினாள். உட்கார்ந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். புதியதன் ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு ஆயில் தடவி, வலிக்காமல் அழுத்தி உட்கார வைத்தாள். பிளக்குக்குள் இருந்த பச்சையை ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்து, ரப்பரை மாற்றி, 'டிக்' என்று சொருகினாள். கேபினை இறக்கி, சாவியைப் போட்டு எண்ணைப் பார்த்துச் சிரித்தாள். "இப்பத்தான் மலைக்காத்தைக் காட்டுது." பழைய கோளாறைப் பெட்டியிலிருந்து அழித்தாள். மஞ்சள் விளக்கு அணைந்தது. நல்ல கை. அதையும் சொல்லிவிடுகிறேன், வேறு வழியில்லை.

இனிக் கிளம்ப வேண்டும். பொழுதோடு ஆலை வாசலை அடைத்துவிடுவார்கள். போகிற வழியில் அந்தப் பிள்ளையை முள்ளுக்குறிச்சியில் இறக்கிவிட வேண்டும், ஆக ஒரு சீட்டு அவளுக்கு. இன்னொன்றுதான் மீதி.

"நானும் போயி அம்மாவ ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேனுங்க" என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள். அவள் அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்த சமயம்.

"நீ ஊட்டுலயே இரு. பண்ணுன வேலை போதும்" என்றான் மகன். "அம்மா, நீ ஏறு."

ஏறினேன். ஊதாப் புடவையோடு, ஜன்னலோரம், என் கிழங்கு பின்னால் இருக்க. மருமகள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

லாரி மேட்டில் ஏறியது. அப்பா, என்ன சத்தம்! அடிவயிற்றிலிருந்து எழுந்து, டர்போ சீழ்க்கை அடித்து, காலையில் நின்ற இடத்தை நின்றுகூடப் பார்க்காமல் தாண்டியது. மகன் ஸ்டீயரிங்கைத் தட்டினான். நானும் சிரிக்கத் திரும்பினேன். நடுவில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளை என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கட்டை விரலை. அவள் அக்காவுக்கு மோதிர விரலால் கடுகளவு பொட்டு வைக்கிற பழக்கம். இஞ்சினில் இருந்தது அரையணா அகலம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

தார் ரோட்டில் ஏறியதும் சொன்னேன். "சாமி, வண்டிய நிறுத்து."

"என்னம்மா, தலை சுத்துதா?"

"அந்தப் பொட்டு நா வெச்சது."

மகன் பிரேக்கை மிதித்தான். என்னைப் பார்த்தான், இஞ்சின் இருக்கும் பக்கம் பார்த்தான். "இத ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீ அவளத் திட்டறது கேக்க நல்லாருந்துச்சு."

அந்தப் பிள்ளைதான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகனுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. நான் கதவைத் திறந்து இறங்கி, மேட்டின் விளிம்பில் நின்று கத்தினேன்.

"ஏ புள்ள! அடுப்ப அணச்சுட்டு வா! உங்கம்மாளப் பாத்துட்டு வா!"

அவள் ஓடி வந்தாள். என்ன நடந்தது என்று தங்கை அதற்குள் போனில் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. "ஏனுங்கத்தை, என்னைய இப்படி மாட்டி உட்டீங்களே" என்றாள். கோபமாகச் சொல்ல முயன்று முடியாமல், கடைசியில் என் தோளில் ஒரு இடி இடித்துவிட்டு ஏறினாள். நெருக்கி உட்கார்ந்தால் எனக்கும் இடம் இருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. சந்தைப் பையை அவள் மடியில் வைத்திருந்தாள், இன்றைக்குப் பார்த்து!

அந்தப் பிள்ளை தலையை நீட்டி, முன்னால் பம்பரைக் கை காட்டினாள். "அத்தை, அடுத்த பொங்கலுக்கு மஞ்சத்தண்ணியெல்லாம் இங்க ஊத்துங்க. எத்தன சொம்பு வேணாலும்."

என் லாரிக்கு எங்கே பொட்டு வைப்பதென்று எனக்கு அவள் சொல்கிறாள். தலையாட்டினேன்.

வண்டி போனது. நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மலையில் வண்டி மறைந்தாலும் சத்தம் மறையாது. கியர் மாறுவது கேட்டது, ஹாரன் கேட்டது. மூன்றாவது வளைவில் டீக்கடை இருக்கிறது. அங்கே சத்தம் நின்றது. ஆலை அடைக்கப் போகிறது, இவர்களுக்கு டீ! மூவரும் என் கதையைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சூடான போண்டா போடுகிற நேரம் வேறு.

சத்தம் மறுபடி கிளம்பியது. திணறல் இல்லை, இருமல் இல்லை. அதைக் கேட்டுச் சொல்ல எனக்கு எந்தப் பெட்டியும் வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் சட்டியில் கோழிக் குழம்பு கொஞ்சம் மீதி இருந்தது. அடியில் துழாவினேன். ஈரலை எனக்கென்று ஒரு கிண்ணத்தில் தனியே எடுத்து மூடி வைத்திருந்தாள் மருமகள். மேட்டிலிருந்து நான் கூப்பிடுவதற்கு முன்பே எடுத்து வைத்ததுதான். தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அதுவும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.