இன்னாசி உபதேசியார் கேட்காமல் ஊற்றிய தண்ணீர்

ஆவூர்க்காரர்களுக்குப் பெரிய கோயில் இருக்கலாம், தேர் இருக்கலாம், பாஸ்கா நாடகம் பார்க்க ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வரலாம். வரட்டும். எங்கள் பாறைக்களத்துக்கு இன்னாசி உபதேசியார் இருந்தார். நாற்பது வீட்டுக் கிறிஸ்தவர்கள், ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கோயில், மாதம் ஒருமுறை சைக்கிள் மிதித்து வந்து பூசை வைத்துவிட்டுப் போகிற பங்குச் சாமியார், இவ்வளவுதான் எங்கள் ஊர்ச் சபை. சாமியார் வராத மற்ற நாட்களில் எல்லாம் அந்தக் கோயிலைத் தாங்கி நிறுத்தியது இன்னாசியின் தொண்டை. செபமாலை சொல்ல அவர், சிறுசுகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க அவர், சாவு வீட்டில் மந்திரம் வாசிக்க அவர்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதியில் அப்பன் மாடு மேய்க்கக் கூப்பிட்டுக்கொண்டான். ஆனால் காதில் விழுந்ததை விடாத தலை. செபப் புத்தகத்தை இந்த அட்டையிலிருந்து அந்த அட்டை வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். பூசையில் லத்தீனில் பதில் சொல்லும்போது சாமியாரே ஓர் இடத்தில் நின்றுவிட, இவர் எடுத்துக்கொடுத்த கதையை ஊரில் பச்சைப் பிள்ளையும் சொல்லும். சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த நாற்பத்தெட்டாம் வருடம், பழைய உபதேசியார் காலமானார். புது ஆள் பார்க்க வந்த பெரிய சாமியார், எட்டாவது படித்த இரண்டு பேரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு இவரைப் பொறுக்கியெடுத்தார். சிபாரிசு கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. தன் முயற்சியில் வந்த பதவி. அதைப் பற்றி அவர் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

கோயிலுக்கு வருகிற ஜனத்தை அவர் அளந்து வைத்திருந்தார். பிரசங்கம் ஆரம்பித்ததும் ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்ச் சுருட்டைப் பற்றவைப்பார்கள். பிரசங்கம் முடிந்ததும் யாரும் கூப்பிடாமலே உள்ளே வருவார்கள். உள்ளே இருக்கிற பெண்கள் கேட்கிறார்களா என்றால், பாதிப் பேர் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு தூங்குவார்கள். இன்னாசிக்கு இதில் கோபம் இல்லை. உழுது களைத்த உடம்பு எங்கேயாவது உட்காரத்தான் செய்யும், தன் வீட்டில் வந்து உட்கார்ந்ததே சர்வேசுரனுக்குப் போதும் என்று நினைப்பார். ஆனால் மழை இல்லாத வருடத்தில் அதே ஜனம் வெறுங்காலோடு சிலுவைப்பாதை சுற்றி வரும்போது ஒருவரும் தூங்குவதில்லை என்பதையும் கவனித்து வைத்திருந்தார். விசுவாசம் என்பது தொண்டையில் இருக்கிறதா, வயிற்றில் இருக்கிறதா என்று அவருக்கே சில நாள் சந்தேகம் வரும். தொண்டையில்தான் என்று முடிவு கட்டிவிடுவார். அவருக்குத் தொண்டை நன்றாக இருந்தது.

எல்லாவற்றையும்விட அவர் பெருமைப்பட்டது ஒரு காரியத்துக்கு. சாகக்கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் வந்து சேர நேரமில்லை என்றால், தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து பேராலே ஞானஸ்நானம் கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு. அது திருச்சபைச் சட்டம். கிறிஸ்தவப் பிள்ளை, இந்துப் பிள்ளை என்ற பேதம் அதில் இல்லை. அம்மை வந்த வருடமும் பேதி வந்த வருடமும் இன்னாசி செம்பும் கையுமாக அலைந்தார். இத்தனை பேரை நேரே மோட்சத்துக்கு அனுப்பியிருக்கிறேன் என்று பெயர் பெயராகச் சொல்லுவார்.

அப்படி ஒரு பேதிக் காலம், ஐம்பத்தொன்றாம் வருடம் பங்குனி. இவர் வீட்டுக்கு அடுத்த வீடு உடையப்பன் வீடு. இந்துக் குடும்பம், நல்ல சம்சாரி. ஊர் முறைக்கு உடையப்பன் இவருக்கு மச்சான். அவர் மனைவி செவந்தி இவரை அண்ணே என்றுதான் கூப்பிடும். கோயில் திருநாளுக்குச் சப்பரம் இழுக்க மாடு வருவது உடையப்பன் தொழுவத்திலிருந்து. அந்த வீட்டு எட்டு மாதப் பிள்ளை ஆத்மநாதனுக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய்விட்டது, உச்சிக்குழி பள்ளம் விழுந்துவிட்டது. அழக்கூடத் தெம்பு இல்லை.

“அண்ணே, செத்த நேரம் இவன மடியில வச்சிருங்க. அவுக தெக்கு வயல்ல இருக்காக. ஓடிப்போயி வைத்தியரக் கூட்டியாரச் சொல்லிட்டு வந்துர்றேன்” என்று செவந்தி பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடியது.

இன்னாசி பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். இத்தனை பிள்ளைகளைப் பார்த்த கண்ணுக்கு இது தங்காது என்று பட்டது. பக்கத்தில் செவந்தி வைத்த செம்பு இருந்தது. ஊற்றிவிட்டார். மூன்று தரம், சட்டப்படி, ஒரு பெயரும் வைத்து. தண்ணீர் பட்டதும் பிள்ளை நெளிந்து வீறிட்டது. வைத்தியர் வந்து மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் பிள்ளை சிரித்தது.

“எங்க அண்ணே மடியில வச்ச பொறகுதான் புள்ள அழுதுச்சு” என்று செவந்தி தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தது. இன்னாசி வாய் திறக்கவில்லை. மோட்சத்துக்கு அனுப்பிய பிள்ளைகளால் அவருக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. பிழைத்த பிள்ளைதான் தொந்தரவு. ஆத்மநாதன் வளர்ந்து, நடந்து, மாமா மாமா என்று இவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசல்வரை வருவான். அவன் நெற்றியில் திருநீற்றைப் பார்க்கும்போதெல்லாம் இவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வருடம் ஓடிவிட்டது.

ஐம்பத்துநாலில் புதுப் பங்குச் சாமியாராக மரியசெல்வம் சாமி வந்தார். இளவயசு, சுத்தமான மனுஷர், எதையும் ஏட்டில் பார்த்துத்தான் செய்வார். முதல் பூசை முடிந்ததும் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, “ஆபத்துல நீங்க குடுத்த ஞானஸ்நானம் ஒண்ணுகூட இதுல ஏறலையே, உபதேசியாரே?” என்றார்.

“ஏறாட்டி என்ன சாமி, எல்லாம் இங்க இருக்கு” என்று தலையைத் தட்டிக் காட்டிவிட்டு இன்னாசி ஒப்பிக்க ஆரம்பித்தார். வருடம், வீடு, பெயர், தடுமாற்றமே இல்லை. சாமியார் வியர்க்க வியர்க்க எழுதினார். முப்பத்தொன்று ஆனதும் பேனாவை வைத்தார்.

“முப்பத்தோரு பிள்ளைகளும் எறந்துருச்சா! பாவம்.”

அங்கே தலையாட்டியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் தப்புக் கணக்குச் சொல்ல இன்னாசிக்கு வாய் வரவில்லை. “முப்பது, சாமி. ஒருத்தன் பொழச்சுக்கிட்டான்.”

சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். விசாரித்தார். முகம் கறுத்தது. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் சட்டம்தான் எஜமான். “நீங்க ஊத்துனது செல்லும். ஆனா அந்தப் பிள்ள இப்பக் கிறிஸ்தவன். கிறிஸ்தவனா வளரணும். அடுத்த மாசம் நான் வர்றதுக்குள்ள பெத்தவங்ககிட்டச் சொல்லிக் கோயிலுக்குக் கூட்டியாங்க. இல்லைன்னா நான் மேல எழுதணும். வேற உபதேசியாரைப் போடச் சொல்லிருவாங்க.”

வீட்டுக்கு வந்து இன்னாசி கஞ்சியைத் தொடவில்லை. அவர் மனைவி சந்தனமேரிக்கு ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது.

“இதுக்கு ஏன் மொகரையத் தொங்கப்போட்டுருக்கீக? தண்ணி தலையில படல, கைதவறிக் கீழ போயிருச்சுன்னு சாமிகிட்டச் சொல்லிருங்க. படாத தண்ணி செல்லாதாம்ல? சோலி முடிஞ்சுச்சு.”

“ஏண்டி, இன்னாசி ஊத்துன தண்ணி படாமப் போச்சுன்னு ஊரு சொல்லணுமா?”

“அதான பாத்தேன். பொய் சொல்லப் பயமில்ல, பேரு போயிருமேன்னு பயம்.”

அது சுருக்கென்று தைத்தது. வெளியே வந்து பாறைமேல் உட்கார்ந்து யோசித்தார். பிள்ளையை மோட்சத்துக்கு அனுப்பத்தான் ஊற்றினோமா, முப்பத்தொன்று என்று சொல்லிக்கொள்ள ஊற்றினோமா? இரண்டும்தான் என்று பதில் வந்தது. அந்த இரண்டாவதை இத்தனை வருடம் அவர் எந்தச் சாமியாரிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை, பாவம் என்றே தோன்றியதில்லை. உபதேசியார் வேலை போய்விட்டால் மறுபடியும் மாடு மேய்த்த இன்னாசிதான். உடையப்பனிடம் சொன்னால் மச்சான் போய்விடுவான். இரண்டில் எது போனாலும் அவருக்குப் பாதி உயிர் போன மாதிரி.

மறுநாள் காலை உடையப்பன் கிணற்றடியில் கமலை இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் பின்னுக்கு வந்து, முன்னுக்குப் போய், சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னாசி வாய்க்கால் ஓரம் நின்று, முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சாமியார் போட்ட கெடுவையும் சேர்த்துத்தான்.

மாடு நின்றது. உடையப்பன் வடத்தைவிட்டு இறங்கினார்.

“எம் புள்ளைக்கு என்னையக் கேக்காமயா?”

“நேரமில்ல மச்சான். போயிருவான்னு நெனச்சேன்.”

“சரி. அன்னைக்கு நேரமில்ல. அதுக்கப்பறம் மூணு வருசம் நேரமில்லையா?”

இன்னாசி, “மச்சான்” என்று மட்டும் சொன்னார். புத்தகம் புத்தகமாக ஒப்பிக்கிற வாய்!

“எங்க வீட்டுல உக்காந்து கூழு குடிச்சிருக்க. எம் புள்ளையத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சிருக்க. ஒவ்வொரு நாளும் எங்கிட்ட ஒளிச்சிருக்க. போ அங்கிட்டு.”

அன்றோடு பேச்சு நின்றது. வேலியில் பார்த்தால் உடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். செவந்தி பிள்ளையை வாசலில் விடுவதில்லை. மாலையில் செபமாலை சொல்லும்போது இன்னாசியின் தொண்டை கம்மியது. ஜனம் அவருக்குச் சளி என்று நினைத்துச் சுக்குக் கொடுத்தார்கள். முதல் தடவையாக அவர் செபத்தில் வார்த்தையை விட்டுவிட்டு நின்றார். வேறு யாரோ பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் பூசை நாள். மரியசெல்வம் சாமி வந்து சைக்கிளைச் சாத்தும்போதே, “சொல்லிட்டீங்களா?” என்றார்.

“சொல்லிட்டேன் சாமி. பிள்ள வரமாட்டான். நீங்க மேல எழுதிக்கங்க.”

சாமியார் நேரே உள்ளே போனார். பூசை நடந்தது. பிரசங்கம் ஆரம்பித்து ஆண்பிள்ளைகள் வேப்பமரத்தடிக்குப் போனபோது, அங்கே துவைத்த வேட்டியும் தோளில் துண்டுமாக உடையப்பன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் செவந்தி, இடுப்பில் ஆத்மநாதன். பூசை முடிந்து சாமியார் வெளியே வந்ததும் உடையப்பன் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“சாமி, கும்பிடுறேன். நான்தான் அந்தப் புள்ளையோட தகப்பன். இந்த ஆளு செஞ்சது தப்பு. அத நானும் இவரும் பேசிக்கிறோம், அது எங்க ரெண்டு வீட்டுச் சமாச்சாரம். ஆனா இதுக்காக இவரு வேலைய எடுப்பீகன்னு சொன்னாரு. அது கூடாது.”

“பிள்ளைய அனுப்புவீங்களா?” என்றார் சாமியார்.

“எம் புள்ள எங்க வீட்டுப் புள்ளையாத்தான் வளருவான் சாமி. எங்க கோயில்லதான் அவனுக்குக் காது குத்துவோம்.” உடையப்பன் இன்னாசி பக்கம் பார்க்காமலே சொன்னார்: “இவரு மாமன் மொறை. மாமன் ஒரு பேரு வைக்க உரிமை உண்டு, எங்கள்ல அது வழக்கம். ஒளிஞ்சு வைக்கத்தான் உரிமை இல்ல.”

செவந்தி குறுக்கே பேசியது. “சாமி, பெத்தவ நான் வயலுக்கு ஓடிட்டேன். அந்நேரம் எம் புள்ளைய மடியில வச்சிருந்தது அண்ணேதான். அத மறக்க எனக்கு மனசு வரல.”

மரியசெல்வம் சாமி பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அவருடைய அங்கியின் பொத்தானை எண்ணிக்கொண்டிருந்தான். சாமியார் உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து, எல்லார் முன்னாலும் எழுதி வாசித்தார். ‘குழந்தை பெற்றோரிடம் உள்ளது. வயது வந்தபின் அவனே கேட்டால் விவரம் சொல்லப்படும்.’ பிறகு இன்னாசியைப் பார்த்தார்.

“மேல எழுதல. ஆனா இனிமே பெத்தவங்களக் கேக்காம ஊத்தாதீங்க.”

“சட்டம் ஊத்தலாம்னு சொல்லுது சாமி.”

“சொல்லுது. ஆனா இவங்க முகத்துல முழிக்க வேண்டியது நீங்கதானே, சட்டம் இல்லையே” என்று சாமியார் சைக்கிளை எடுத்தார்.

மூன்று பேரும் பிள்ளையும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். பாதி வழியில் உடையப்பன் கேட்டார்.

“என்ன பேரு வச்ச?”

“சவேரி.”

“யாரு அவரு?”

“கடல் தாண்டி வந்து ஊரு ஊரா நடந்த அர்ச்சியசிஷ்டவரு, எங்க புனிதரு.”

முன்னால் ஓடிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து உடையப்பன், “டேய், சவேரி!” என்று ஒரு தரம் கூப்பிட்டார். பிள்ளை ஓடிக்கொண்டே இருந்தான். “பாத்தியா? திரும்பல.”

“ஆத்மநாதான்னு கூப்புட்டா மட்டும் திரும்புறானாக்கும்!” என்றார் இன்னாசி.

செவந்தி சிரித்துவிட்டது. உடையப்பனும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தார்.

அதற்குப் பிறகும் இன்னாசி பன்னிரண்டு வருடம் உபதேசியாராக இருந்தார். அவர் தொண்டைக்கு இணையாக இன்றுவரை குளத்தூர்த் தாலுகாவில் ஒருவரும் வரவில்லை, சந்தேகமிருந்தால் யாரையும் கேட்டுக்கொள்ளலாம். பேதிக் காலம் மறுபடியும் வந்தது. செம்போடு போய், பிள்ளையைப் பெற்றவளிடம், “ஆத்தா, ஊத்தட்டுமா?” என்று முதலில் கேட்பார். ஊத்துங்க என்றவர்கள் உண்டு. வேண்டாம் என்றவர்களும் உண்டு. அந்த வீட்டில் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அவர்களோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் போகச் சொல்லும்வரை பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருப்பார்.