சுவரில் எண்ணிய ரமலான்கள்

கிளிஞ்சல் சுண்ணாம்பு தண்ணீரில் விழுந்ததும் எழும் சீறலும், மூக்கின் உள்வரை சுடும் அந்த ஈர வாடையும்தான் எனக்கு ரமலான் வருவதற்கான முதல் அறிகுறி. நோன்புக்குப் பத்து நாள் இருக்கும்போதே, சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்புறமிருந்த எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தகர டிரம் வாசலுக்கு வந்துவிடும். கரையோரச் சூளையில் வாங்கிய சுண்ணாம்பை ஊறவைத்து, துளி நீலம் கலந்து, நசுக்கிய தென்னை மட்டையால் அம்மாவே அடிப்பார். இதற்குத் தெருவில் ‘வெள்ளை போடுறது’ என்று பெயர். வீட்டில் கல்யாணம் நடந்த வருடத்தில் மட்டும் நீலத்துக்குப் பதில் மஞ்சள் காவி.

நான் சொல்லவந்தது சுண்ணாம்பு அடிக்காமல் விட்ட ஒரு வருடத்தைப் பற்றி. தேதியை அப்போதே எழுதி வைக்காதது இன்றும் உறுத்துகிறது. நோன்பும் பொங்கலும் சேர்ந்து வந்தது நினைவிருப்பதால் அது 1997 அல்லது 1998 ஆக இருக்க வேண்டும். நான் ஏழாம் வகுப்பில் இருந்ததால் முன்னதே சரி என்று கொள்கிறேன்.

வீடு தாத்தா கட்டியதல்ல, அவருடைய தாத்தா கட்டியது என்பார்கள். பத்திரம் மாமாவின் பெயரில் இருந்தது. அத்தா சவுதியில் இருந்ததால் அம்மாவும் நானும் அங்கே குடியிருந்தோம். ஓடு ஒழுகுகிறது, விட்டம் உளுத்துவிட்டது, இடித்துவிட்டுக் கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு வாடகை வீடுகளாகக் கட்டலாம் என்பது மாமாவின் பல வருட யோசனை. அம்மா மறுத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில்தான், பழைய வீடுகளைப் பட்டியலெடுத்துக் காப்பாற்றப் பாடுபடும் ஒரு குழு சென்னையிலிருந்து எங்கள் தெருவுக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. மாமா ஒரு வார்த்தை கொடுத்தார்:

“லிஸ்டுல வந்துச்சுன்னா நான் கை வைக்க மாட்டேன். வரலன்னா நீ குறுக்க நிக்கக் கூடாது.”

அம்மா ஒப்புக்கொண்டார்.

வீட்டைப் பார்க்கப் பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் தெரு என்ன செய்யுமோ அதையே அம்மாவும் செய்தார். இந்த முறை வெறும் சுண்ணாம்பு போதாது என்று முடிவுசெய்து, புதுப்பட்டினத்திலிருந்து பெயின்டரை வரவழைத்தார். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அடித்தால் பெயின்ட் உரிந்துவிடும் என்றார் அவர். இரண்டு நாள் சுரண்டினார்கள். தரையெல்லாம் தகடு தகடாக விழுந்தது. அள்ளிக் கொட்டும் வேலை எனக்கு. அப்போதுதான் ஒரு தகட்டின் ஓரத்தைப் பார்த்தேன்: மெல்லிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, வெள்ளையும் நீலம் பாய்ந்த வெள்ளையுமாக, இடையிடையே மஞ்சள். வெளியிலிருந்து எண்ணிக்கொண்டே போனதில் பதினான்காவது கோடு மஞ்சளாக இருந்தது. அது அம்மாவின் கல்யாணம். அறுபதைத் தாண்டியதும் கோடுகள் கலங்கிவிட்டன. ஓடிப்போய்ச் சொன்னேன். “பேஜாரு பண்ணாத, குப்பைய மொதல்ல அள்ளு” என்றார் அம்மா. நான் அந்த ஒரு தகட்டை மட்டும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். மறுநாள் சுவருக்கு இளம்பச்சை ஏறியது, மரத்தூண்களுக்குப் பளபளக்கும் பழுப்பு.

குழுவை நடத்தி வந்த அம்மையார் தூணை விரலால் தட்டிப் பார்த்தார், சுவரைத் தடவினார். இதெல்லாம் எப்போது போட்டது என்று கேட்டார். ஷர்பத் தம்ளரோடு நின்ற அம்மா பெருமையாகச் சொன்னார்: “எல்லாமே புதுசும்மா. பழசுன்னு ஒரு பொட்டு தெரியாது, பாருங்க.”

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். டப்பாவைக் கொண்டுபோய் நீட்டினேன். தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் கோடு கோடாக வெகுநேரம் எண்ணியவர், “இது சுவத்துலயே இருந்திருந்தா எழுதியிருப்பேனே, பாப்பா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பட்டியலில் எதிர் வீடு வந்தது. அந்த வீட்டு வலை வியாபாரி மூன்று வருடமாக வெள்ளைகூடப் போடாதவர். “சோம்பேறி வூடு பாஸாயிடுச்சு, பளபளன்னு கீற உன் வூடு பெயிலா தங்கச்சி?” என்று சிரிக்க ஆரம்பித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பெருநாள் முடிந்து மாமா ஆட்களோடு வந்தார். அம்மா குறுக்கே நிற்கவில்லை.

இன்று அங்கே மூன்று மாடி நிற்கிறது. மாடியில் ஒரு வீடு எங்களுக்கு. பாஸான எதிர் வீட்டையும் பட்டியல் காப்பாற்றவில்லை. வலை வியாபாரி காலமானதும் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். சூளை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். தகடு மட்டும் என் மேசையில் இருக்கிறது. போன ரமலானுக்கு முன் அம்மா அதைக் கையில் எடுத்து, கொஞ்சம் சுண்ணாம்பு குழைத்துத் தரச் சொன்னார். மேலே பூசினால் என் கணக்கு கெட்டுவிடும் என்றேன்.

“இத்தினி வருசம் போடாம வுட்டுட்டியே,” என்றார், “இப்ப மட்டும் கணக்கு சரியாவா கீது?”