முறியாத மூங்கில்

பந்தல்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு மூங்கிலிடமிருந்து தப்பிக்க வழியில்லை. நான் தப்பிக்கப் பார்த்ததும் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டுதான். நினைத்தால் இப்போது சிரிப்புகூட வரவில்லை, அலுப்பாக இருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தபோது, எனக்குக் கோலூன்றித் தாண்டும் பைத்தியம் பிடித்தது. காரணம் போலந்துக்காரன் ஒருவன். சலூனில் முடிவெட்டக் காத்திருந்தபோது பழைய செய்தித்தாளில் அவன் படத்தைப் பார்த்தேன். நீளமான கழி ஒன்றைப் பிடித்தபடி தலைகீழாக வானத்தில் இருந்தான். எங்கள் வீட்டுப் பின்புறம் இதே மாதிரி நூறு கழி சும்மா கிடக்கிறதே என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அதன்பிறகு அவனைப் பற்றி எந்தத் துண்டுச் செய்தி வந்தாலும் சலூன்காரர் எனக்காகக் கிழித்து வைப்பார். அவன் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. எங்களுக்கு அவன் போலந்துக்காரன்தான். ஒரு வருஷம் ஜெயித்தான். ஒரு வருஷம் கணுக்கால் பிசகிப் படுத்துக்கொண்டான். அடுத்த வருஷம் எழுந்து வந்து இரண்டாம் இடம் வாங்கினான். வெளியூரில் வேலை பார்க்கும் சொந்த அண்ணனைப்போல அவனைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

அப்பாவை வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கார்த்திகை தீபத்துக்கு ஊரில் போடும் பந்தலில் பாதி அவர் கைவேலை. மகன் கழி கேட்டான் என்றதும் நூறு கழியையும் புரட்டிப் போட்டார். ஒவ்வொன்றாக இரண்டு கல்லுக்கு நடுவே கிடத்தி, மேலே ஏறி நின்றார். அழுந்தி வளைந்தால் ஒதுக்கினார். பந்தல்காரர்கள் கழி பார்க்கும் விதம் அது. கடைசியில் ஜவ்வாது மலையிலிருந்து வந்த, நன்றாக முற்றிய கல்மூங்கில் ஒன்று தேறியது. பந்தலுக்கு முன்கால் நட வேண்டிய கழி. தீபத்துக்குக்கூட எடுக்காமல் எனக்குக் கொடுத்தார். கணுக்களைத் தானே சீவி, விளக்கெண்ணெய் தடவி, பிடிக்கிற இடத்தில் கயிறு சுற்றினார்.

"இதும்மேல யானை ஏறினாலும் வளையாதுடா," என்றார்.

வளையவும் இல்லை. பள்ளிக்கூடம் முடிந்த பிறகும் விடாமல், ஆறு வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விழுகிற பள்ளத்தில், கீழ்பென்னாத்தூர் மில்லிலிருந்து வேர்க்கடலைத் தோலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தோம், உடம்பெல்லாம் அரிக்கும். கழியைக் குழியில் ஊன்றியதும் தோள்பட்டையில் யாரோ உலக்கையால் இடித்ததுபோல இருக்கும். இந்த விளையாட்டே இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். பத்தடி தாண்டினேன். அதற்குமேல் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

பத்தரை அடி தாண்டினால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கே போய் வந்தவர்களுக்குப் போலீஸில் வேலை நிச்சயம் என்று பேச்சு. பதக்கத்தைப் பற்றி எனக்கு அக்கறையே இல்லை. வாழ்நாளெல்லாம் பந்தல்கால் நட மாட்டேன், அதுதான் என் பிடிவாதம். தேர்வு வேலூரில் நடப்பதாக இருந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்னால் சலூன்காரர் ஒரு படத்தை நீட்டினார். போலந்துக்காரன்தான். ஆனால் அவன் கழி வில்லாக வளைந்திருந்தது. கண்ணாடி இழையில் செய்த புதுக் கழி என்று கீழே போட்டிருந்தது. வளைந்த கழி நிமிரும்போது ஆளையும் சேர்த்து மேலே தூக்கிவிடுமாம்.

வீட்டுக்கு ஓடினேன். நைனா எப்போதோ ஒதுக்கிய கழிகள், அழுத்தினால் வளைந்து துள்ளுகிறவை, சுவரோரம் கிடந்தன. ஒன்றை உருவினேன். அதற்குள் நைனா வந்துவிட்டார். என் கையிலிருந்த படத்தை வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாவம்டா. இவன் கழி முறியப் போவுது. நல்ல கழியா பாத்துக் குடுக்க அவனுக்கு ஆளில்ல போல."

சொல்லிவிட்டு என் கல்மூங்கிலை எடுத்து மடியில் வைத்து, மறுபடி எண்ணெய் தடவ உட்கார்ந்துவிட்டார். உருவின கழியை இருந்த இடத்திலேயே செருகினேன். கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான்.

வேலூர் பஸ்ஸின் கூரைமேல் கல்மூங்கிலைக் கட்டிக்கொண்டு நைனாவும் கூடவே வந்தார். மூன்று முறையும் குறுக்குக் கம்பைத் தட்டிவிட்டேன். என்னைவிடக் குள்ளமான ஒருவன், ஒல்லி மூங்கிலோடு வந்து தாண்டிவிட்டுப் போனான். நைனா ஓடிவந்து முதலில் கழியைத்தான் தடவிப் பார்த்தார்.

"கழி கெட்டியாத்தான் இருக்குது. உனக்குத்தான் ராசி கம்மி."

அவர்மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. எண்ணெய்ப் பிசுக்கான அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, கழியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டேன். அந்த வருஷக் கார்த்திகைக்கு அந்தக் கல்மூங்கில் பந்தலின் முன்கால் ஆனது. அதை நட்டவன் நான்.

அறுபதுகளின் கடைசியில், போலந்துக்காரன் போட்டிகளிலிருந்து விலகுவதாக நாலு வரிச் செய்தி வந்தது. வளைகிற கழியைக் கையில் எடுத்த பிறகுதான் தன் வாழ்க்கையிலேயே அதிக உயரத்தைத் தாண்டினான் என்று எழுதியிருந்தது. அதற்குள் நைனாவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. நான் செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டு, வெகுநாளாகக் கேட்காததைக் கேட்டார்.

"அந்த வெள்ளக்காரப் பையன் என்னடா ஆனான்? கழி முறிஞ்சிதா?"

என் தோளில் அன்றும் வலி இருந்தது.

"முறிஞ்சிடுச்சு நைனா."

"நான் அப்பவே சொன்னேன்ல?" அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. "உனக்கு நான் பாத்துக் குடுத்தேன், தப்பிச்ச."

"ஆமா நைனா," என்று சொல்லிவிட்டு, கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பந்தல் வேலைக்குக் கிளம்பினேன்.