ரோல் விழும் இடம்

வீரபாகு மேடையில் பாடும்போது அபிதகுசாம்பாள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். கூட்டத்தில் புருஷன் முகத்தைப் பார்க்க வெட்கம். அதனால் தோளைப் பார்ப்பாள். அவர் மூச்சு வாங்கப்போகிறார் என்றால் இடது தோள் லேசாக ஏறும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பகலில் பட்டுத்தறி, திருவிழாக் காலத்தில் பாலுவின் ஆர்கெஸ்ட்ரா. ஆரணியில் வீரபாகுவை அப்படித்தான் தெரியும். நாற்பது வயதுக்குமேல் அவருக்கு இழுப்பு வந்தது. பாட்டுக்கு நடுவில் மூச்சு முட்டும். அப்போதெல்லாம் டிரம்ஸ்காரன் சக்கரவர்த்தி ரோல் என்கிற தடதட உருட்டலை நீட்டி உருட்டுவான். அதற்குள் அவர் சமாளித்து அடுத்த வரிக்கு வந்துவிடுவார். சனங்களுக்கு ரோல்தான் கேட்கும்.

இரண்டாயிரமாவது ஆண்டில் சக்கரவர்த்தி செய்யாறில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். பாலு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவந்தான். பாட்டுக்கு வேண்டிய சுரக்கூட்டுகளை, அதாவது கார்ட்ஸை, கட்டம் கட்டமாகத் தட்டிக் கொடுத்தால் டிரம்ஸ், பேஸ் கிட்டார் எல்லாவற்றையும் அதுவே வாசிக்கும். ஆனால் யாருக்காகவும் நிற்காது. முதல் ஒத்திகையிலேயே வீரபாகு பின்தங்கிப்போனார்.

"அண்ணே, மிஷினு அதும்பாட்டுக்குப் போய்கினே கீது. நீ நின்னுடறியே! தேவிகாபுரம் திருவிழாவுக்கு வேற ஆளப் பாக்கட்டுமா?" என்றான் பாலு.

வீரபாகு மைக்கை வைத்துவிட்டுக் கிளம்பினார். வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்தவர், நெய்யும்போது முணுமுணுக்கிற பாட்டையும் விட்டுவிட்டார். அதைத்தான் அபிதகுசாம்பாளால் தாங்க முடியவில்லை.

ஆறாவதோடு பள்ளியை விட்டவள். யாரிடமும் தானாகப் போய்ப் பேசாதவள். மறுநாள் பாலு வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அந்த மிஷின எனக்குக் காட்டு பாலு. ரோல் எங்க வரணும்னு நான் சொல்றேன்."

"அண்ணி! பந்தியில தண்ணி கேக்கவே கூச்சப்படுவீங்க. நீங்க டிரம்ஸ் அடிக்கப் போறீங்களா?" சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

திரையில் பாட்டின் ஒவ்வொரு தாளச் சுற்றுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்கு ஓர் எண். எண்மேல் அழுத்தினால் அது நிறம் மாறும். அங்கே ரோல் வரும் என்றான். அவள் பாட்டை மனதுக்குள் ஓடவிட்டு, தோள் ஏறும் இடங்களிலெல்லாம் அழுத்தினாள். வீரபாகுவை வரவழைத்துப் பாடச் சொன்னார்கள். எல்லாம் கெட்டது. பாடிக்கொண்டிருக்கும்போது ரோல் வந்து சொல்லை மிதித்தது. அவர் மூச்சு வாங்கும்போது முடிந்துபோயிருந்தது.

"இன்னாமே இது, படிக்கட்டுல அண்டா உருள்ற மாதிரி கீது," என்றார். "உட்டுத் தள்ளு. என் பேஜாரு என்னோட போவட்டும்."

"நீங்க சும்மா இருங்க." அவள் அவரை அதட்டியது அதுவே முதல் தடவை.

தறிக்கு வேண்டிய ஊடை நூலைத் தாரில் சுற்றி வைத்துவிட்டுத் தினமும் போனாள். ஒருநாள் எல்லா நிறத்தையும் எடுத்துவிட்டு ஒரே ஓர் எண்ணை மட்டும் அழுத்திக் கேட்டாள். ரோல் அந்தக் கட்டத்தில் வரவில்லை. அதற்கு முந்தின கட்டத்தில் உருண்டு, நிறம் மாறிய இடத்துக்கு வந்ததும் ஓய்ந்தது. திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்படியென்றால் அவர் நிற்கிற இடத்தைக் குறிக்கக் கூடாது. மறுபடி தொடங்குகிற இடத்தைக் குறிக்க வேண்டும். மூச்சுக்கு இடம் போதாத வரிகளில் ஒரு வெற்றுக் கட்டத்தை நுழைக்கவும் பாலுவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள்.

தேவிகாபுரத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்றாள். இரண்டாவது சரணத்தில், அவள் குறிக்காத இடத்தில் அவர் தோள் ஏறியது. அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தோள் பாதியில் நின்றது. ரோல் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அதுவரை இழுத்துப் பிடித்தார். ரோல் உருண்டது. மூச்சு வாங்கினார். சரியாக அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொண்டார்.

மேடையைவிட்டு இறங்கியதும் பாலு சொன்னான்: "அண்ணி, அடுத்த பாட்டுக்கும் ரோல நீங்களே போட்டுடுங்க. ஜல்தி!"

இப்போது வீரபாகு ஒரு திருவிழாவுக்கு மூன்று பாட்டு பாடுகிறார். இழுப்பு குறையவில்லை. மூன்றுக்கும் ரோலை அபிதகுசாம்பாள்தான் போடுகிறாள்.