மங்குக்கு அடியில் நிலாம் கன்று

மகள் என் முழங்காலில் தைலம் தேய்த்தாள். புட்டியைப் பார்க்காமலே, "இதிலே நிலாம் கலந்திருக்குடி" என்றேன். எழுத்தைப் படிக்கத்தான் என் கண் தகராறு, வாசனை பிடிக்க மூக்கு தகராறு இல்லை.

லாயாங் லாயாங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய அப்பா, எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால், இலையை அவித்து வாசனை எண்ணெய் வடிக்கிற நிலாம் செடி வைத்திருந்தார். ஒரு டிசம்பரில், அவர் வீட்டில் இல்லாத நேரம் பேய்மழை பிடித்தது. புதிதாக நட்ட கன்றுகள் சாயத் தொடங்கின. ரப்பர் பால் பிடிக்கும் மங்குகள் கழுவி அடுக்கியிருந்தன. அவற்றை அள்ளிப்போய்க் கன்றுக்கு ஒன்றாகக் கவிழ்த்தேன். காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு படுத்தேன்.

மறுநாள் சுள்ளென்று வெயில். மங்குகளை எடுக்க மறந்து பள்ளிக்குப் போய்விட்டேன். மத்தியானம் நான் திரும்பியபோது அப்பா ஒரு மங்கைத் தூக்கினார். இலை வெந்து கிடந்தது. கொல்லை முழுக்க மணம்.

"அலமாக்! செடியை அவிச்சு எண்ணெயே எடுத்துட்டியே, தாயி!"

நான் அழுதேன். அவர் தண்டை நகத்தால் கீறி, உள்ளே இருந்த பச்சையைக் காட்டினார். "உசுரு இருக்கு பாரு. வெந்த இலையைக் கிள்ளிடலாம்."

இருவரும் குந்தியிருந்து கிள்ளினோம். பாதிக்குமேல் துளிர்த்தன.

அடுத்த மழைக்கு வானம் இருட்டியபோது, அப்பாவே கை நிறைய மங்குகளோடு வாசலில் நின்று கூப்பிட்டார்.

"வா தாயி. மூடுறது நீ, திறக்கிறது நான்."