புளி போட்டுத் தேய்த்த சதக்குற்றி

சவிரிமுத்து அண்ணை கள்ளன் அல்ல. என் கணவரின் பழைய செப்புக் காசை, அந்தச் சதக்குற்றியை, அவர் மாற்றவில்லை. அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கெடுத்தவள் நான். தெரிந்துகொண்டே ஏழு வருடமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேச எனக்கு நா எழும்பாது. எழுதினால் சொல்லிவிடலாம் போல இருக்கிறது... நீங்கள் என் முகம் அறியாதவர்கள் அல்லவா!

நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், மோர்னிங்சைட்டில், எங்கள் கட்டடத்தின் எட்டாம் மாடி. எங்களிடமிருந்து மூன்றாவது கதவு சவிரி அண்ணையுடையது. மன்னார்க்காரர். அவரும் என் கணவரும் வேலையை விட்ட பிறகு ஒரே பைத்தியம் இருவருக்கும் பிடித்தது. ஒரு சதக் குற்றியை இந்த நாட்டு அரசாங்கம் நிறுத்திவிட்டதல்லவா? சனங்கள் ஜாம் போத்தல்களில் போட்டு மறந்துபோனவற்றைக் கேட்டு வாங்கி வருவார்கள். சாப்பாட்டு மேசையில் கொட்டி, பூதக்கண்ணாடி பிடித்து வருடம் பார்ப்பார்கள். நான் தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஒருநாள் இவர் கத்தினார். தாடி வைத்த அரசரின் தலை, 1925! அந்த வருடத்துக் குற்றி கிடைப்பதே அருமையாம். கரிச்சட்டி போலக் கறுத்துக் கிடந்தது. சவிரி அண்ணை தன் விலைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நாள் கொண்டுபோய், சின்ன உறையில் போட்டுத் திருப்பித் தந்தார்.

"கழுவிப் போடாதை துரை. கறுப்பிலைதான் விலை" என்று அவர் இவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஆம்பிளைகளுக்குக் கழுவப் பஞ்சி, சோம்பல்; அதற்கொரு சாட்டு என்று நினைத்தேன்!

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாமி விளக்குகளைத் தேய்த்தேன். கையில் புளி மிச்சம் இருந்தது. அழுக்குக் குற்றியை விற்கப் போய், வெள்ளைக்காரக் கடைக்காரனிடம் நீட்டி இவர் அவமானப்படுவாரே என்று தோன்றியது. உறையிலிருந்து எடுத்தேன்... தேய்த்தேன்... பொன்னாக மின்னியது! துடைத்துத் திரும்ப உறையில் வைத்தேன். கடையில் திறக்கும்போது சந்தோசப்படட்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை இவர் பஸ் ஏறி, அஜின்கோர்ட்டில் பழைய காசு வாங்கும் கடைக்குப் போனார். திரும்பி வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. நேரே மூன்றாவது கதவைத் தட்டினார். நான் பின்னால் ஓடினேன்.

"சவிரி, என்ரை குத்தி எங்கை?"

"கையிலை வைச்சுக்கொண்டு என்னட்டைக் கேக்கிறாய்?"

"உது என்ரை இல்லை. உது தோடு மாதிரி மினுங்குது. கடைக்காரன் சிரிக்கிறான்!"

"விசர்க்கதை கதையாதை. ஆரோ தேய்ச்சிருக்கினம். வருசத்தைப் பார், இருபத்தஞ்சுதானே!"

"உன்னட்டை எத்தினை இருபத்தஞ்சு கிடக்கோ! நல்லதை வைச்சுக்கொண்டு கழிஞ்சதைத் தந்திட்டாய்."

சவிரி அண்ணையின் முகம் செத்துப்போனது. என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்கோ."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வசனம்! நான் என்ன செய்தேன் தெரியுமா? முந்தானையால் விரல்களை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

இவர் அந்தக் கதையைக் கட்டடம் முழுக்கச் சொன்னார். சவிரி அண்ணை முதியோர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்றிருந்தேன். இவர் ஏசுவார் என்ற பயமா? கெட்டிக்காரி என்று ஒருநாளும் சொல்லாத மனிதரிடம் மோட்டுப் பட்டம் வாங்கும் வெட்கமா? இன்றும் எனக்குத் தெரியவில்லை...

போன வருடம் இவர் போய்விட்டார், நண்பனைக் கள்ளன் என்று நம்பிக்கொண்டே.

முப்பத்தோராம் நாள் கழிந்து சவிரி அண்ணை கதவைத் தட்டினார். கையில் ஒரு சின்ன உறை. உள்ளே கறுத்த குற்றி. 1925.

"துரைக்குக் கறுப்புத்தானே வேணும். தேடிப் பிடிச்சிட்டன், குடுக்க முதல் அவன் போயிட்டான்." பிறகு குரல் இறங்கியது. "நான் மாத்தேல்லை, தங்கச்சி. நீங்களாவது நம்புறியளே?"

"ஓம் அண்ணை. நம்புறன்."

நம்புகிறேனாம்! எனக்குத் தெரியும் அல்லவா! தெரிந்த ஒன்றை நம்பிக்கை என்று பிச்சை போட்டேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார். "அது காணும், போதும் எனக்கு. மாதா உங்களைக் காப்பாத்துவா" என்று அழுதார். நான் குற்றியை வாங்கிக்கொண்டேன்.

சாமித் தட்டில் வைத்திருக்கிறேன். வெள்ளிதோறும் விளக்குகள் மின்னுகின்றன. அது மட்டும் கறுப்பாக இருக்கிறது.

இன்று காலை லிஃப்டில் அவரைக் கண்டேன். புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணும் நின்றாள். அவளிடம் என்னைக் காட்டிச் சொன்னார்:

"இவதான் துரையின்ரை மனிசி. இந்தக் கட்டடத்திலை என்னைக் கள்ளன் எண்டு நினையாத ஒரே ஆள்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கக்காரி என்று அவள் நினைத்திருப்பாள்.