வழி இல்லாத வீட்டுக்குக் கடன்

காலையில் இரண்டு பேர் பைக்கில் வந்து எங்கள் வீட்டைப் படம் எடுத்தார்கள். வீட்டுக்கடன் தந்த கம்பெனியின் ஆட்கள். என் கணவர் முற்றத்தில் வாக்கரைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தார்.

"படம் எடுக்கதுக்கு இப்பம் என்னவாக்கும்?" என்று கேட்டார்.

இந்த மாதத்துக்குள் பாக்கி தீராவிட்டால் ஜப்தி என்று ஒருவர் மலையாளத்தில், மரியாதையாகவே சொன்னார். பக்கத்து மதிலுக்கு மேல் தலைகள் தெரிந்தன.

பனச்சமூட்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டர் சறுக்கி அவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வயரிங் வேலைக்குப் போக முடியவில்லை. எங்கள் வீடு கேரளாவில்; எல்லைக்கு அப்புறம் தமிழ்நாட்டில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் நான் வாங்கும் சம்பளம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் வட்டியையும் ஏற்றினார்கள்.

வருடத்தைக் கூட்டி மாதத் தவணையைக் குறைத்துத் தரச் சொல்லி, நெய்யாற்றின்கரையில் இருந்த அவர்கள் ஆபீசுக்குப் பலமுறை நடந்தேன். "முடங்கியது ஆத்யம் அடைக்கணும் சேச்சி, பின்னே நோக்காம்" என்றார் மேனேஜர். முதலில் பாக்கியைக் கட்ட வேண்டுமாம், பிறகு பார்க்கலாமாம். அடைக்கப் பணம் இருந்தால் நான் ஏன் அவர் முன்னால் போய் நிற்கிறேன்?

கடனை வேறு வங்கிக்கு மாற்றலாம் என்று லேபில் ஒரு தோழி சொன்னாள். என் சம்பளம் வரும் வங்கியில் கேட்டேன். "வீடு கேரளாவுலல்லா இருக்கு, எங்களுக்கு ஒக்காது" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பாறசாலைப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கி சம்மதித்தது. பழைய கடனை அவர்கள் அடைத்துவிடுவார்கள். குறைந்த வட்டியில், கூடுதல் வருடங்களில் நாங்கள் அவர்களுக்குக் கட்டினால் போதும். ஆனால் முடங்கிய தவணைகளை முதலில் தீர்க்க வேண்டும். அதற்கு என் வளையல்களை அடகு வைத்தேன். பாக்கி தீர்ந்தும், மாதக் கடைசிக்குள் கடனை மாற்றாவிட்டால் ஜப்திதான் என்று கம்பெனி நின்றது.

இன்னொரு சிக்கலை வங்கியின் வக்கீல் கண்டுபிடித்தார். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழி வேறொருவர் நிலத்தில் இருந்தது. அதற்குப் பத்திரம் கிடையாது. பழைய கம்பெனி இதைப் பார்க்கவே இல்லை. வழியை எழுதி வாங்கி வந்தால்தான் கடன் என்றார் வக்கீல்.

அந்த நிலம் என் கணவரின் அக்காவுடையது, எனக்கு மைனி. பாகம் பிரித்தபோது ரோட்டோரம் அவளுக்கும் பின்பக்கம் இவருக்கும் விழுந்தது. அன்று வந்த சண்டையோடு பேச்சு நின்றுபோனது. நாங்கள் அந்த வழியே நடப்பதை மட்டும் அவள் ஒருநாளும் தடுத்ததில்லை.

"அவகிட்ட போய் நிக்கதுக்கு வீடே போட்டும்" என்றார் இவர். நான் மட்டும் அவள் இருக்கும் தனுவச்சபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

மைனி நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். பதில் உள்ளே இருந்து அவள் கணவர் குரலில் வந்தது. "வழி எழுதிக் குடுத்தா அந்த எடத்துக்க வெல போச்சு, கேட்டியா?"

மைனி அவர் பக்கம் திரும்பவில்லை.

"எனக்க தம்பிக்கு நாக்கு இல்லியா? ஒன்ன அனுப்பியிருக்கான்?"

"அவரு அனுப்பல்ல மைனி. நானாட்டுதான் வந்தேன்."

"நடக்க ஒக்குமா அவனுக்கு?"

"வாக்கர் உண்டு."

"விழுந்தத ஊருக்காரங்க சொல்லியாக்கும் நான் அறிஞ்சேன்" என்றாள். "செரி, நீ போ. நான் இப்பம் ஒண்ணும் பறயல்ல."

மாதம் முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. அப்போது அவள் போன் செய்தாள். "வெள்ளிக்கிழம ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வாறேன். அவனும் வரணும். வரல்லேன்னா கையெழுத்து இல்ல."

அவரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையைக் கேட்டார்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குத் தந்த நேரம் தாண்டியது. மைனியின் போன் சுவிட்ச் ஆஃப். இடையில் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது, நான் எடுக்கவில்லை. "அவ வரமாட்டா" என்றார் இவர். கோபமாகச் சொல்லவில்லை, தோற்றவர் போலச் சொன்னார்.

ஆபீஸ் மூடப்போகிற நேரத்தில் அவள் வேர்த்துக் கொட்டி வேகமாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. இவர் வாக்கரை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

"எலே, இரு. விழுந்திராத."

"வீட்ல சண்டையாக்கா?"

"அது எனக்க பாடு. பேனா உண்டா?"

அவள் கையெழுத்திட்டு விரல் பதித்தாள். சாயா குடிக்கக் கூப்பிட்டோம். நிற்காமல் போய்விட்டாள்.

கடன் மாறியது. மாதத் தவணை குறைந்தது. ஆனால் இவருக்கு அறுபது தாண்டியும் கட்ட வேண்டும். வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன.

போன மாதம் மைனியின் மனையை விலை பேச ஒருவர் வந்து, நடுவில் போகும் வழியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பினாராம். அவள் எங்களிடம் சொல்லவில்லை. புரோக்கர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று என் கணவர் சாப்பிடவில்லை.